தூய உணவும் மென்மையான நாவும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலத்தாரைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மற்றும் அவர்களின் அடிச்சுவட்டைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் உண்டாவதாக.

  

தொழுகை, நோன்பு, ஸகாத் பற்றியெல்லாம் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இன்று ஒரு சாப்பாட்டு மேசையைப் பற்றிச் சிந்திப்போம். அம்மேசை எமது நாட்டில் இல்லை. தென்கொரியாவில், தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு நகரத்தில், பொரித்த கோழி விற்கும் ஒரு சாதாரண உணவகத்தில் போடப்பட்டிருக்கின்றது. கடல் கடந்த ஊரின் கோழிக் கடைக்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் வினவலாம். சம்பந்தம் இருக்கின்றது. 2004ஆம் ஆண்டு தென்கொரியா தனது தொழில் அனுமதித் திட்டத்தை ஆரம்பித்தபோது, அதனுடன் முதன்முதலாக உடன்படிக்கை செய்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அன்று முதல் எமது நாட்டின் இளைஞர்கள் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைந்து, அந்நாட்டின் தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடித் துறைக்கும் சென்று வருகின்றனர். அவர்களுள் எமது பிள்ளைகளும் இருக்கின்றார்கள். அந்த மேசையில் அமர்ந்திருப்பது உங்கள் மகனாகவோ, உங்கள் சகோதரனாகவோ, உங்கள் கணவனாகவோ இருக்கக் கூடும்.

அத்தகைய ஓர் இளைஞர் எனக்கு எழுதிய கடிதமே இவ்வுரைக்குக் காரணம். அவரது ஊரையும் பெயரையும் இங்கு கூறவில்லை; கூறவும் வேண்டியதில்லை. அவர் எழுதியதன் சுருக்கம் இதுதான்: கொரியத் தொழிற்சாலைகளில் வேலை முடிந்த பின்னர் எல்லோரும் ஒன்றுகூடி வெளியே சென்று உண்பதொரு வழக்கம் உண்டு. அதனை அவர்கள் 'ஹ்வேஷிக்' என்று அழைப்பர். புதிதாகச் சேர்ந்தவரை வரவேற்பதற்கும், மனக் கசப்புகளைத் தீர்த்துக்கொள்வதற்கும் அவர்கள் கண்ட வழி அது. இவரையும் அவரது மேற்பார்வையாளர் ஒரு கோழிக் கடைக்கு அழைத்தார். செல்லவும் மனமில்லை, காரணத்தைச் சொல்லவும் துணிவில்லை. எனவே வயிற்று வலி என்று கூறி விடுதியிலேயே தங்கிவிட்டார். அன்றிரவு கதவு தட்டப்பட்டது. திறந்து பார்த்தால், அந்த மேற்பார்வையாளர் காய்கறிக் கஞ்சியோடு நிற்கின்றார். நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது அவர்களது வழக்கம். "மௌலவி அவர்களே, ஹராத்தை விட்டுத் தப்பினேன் என்று நினைத்தேன். ஆனால், அந்தக் கஞ்சியைக் கையில் வாங்கியபோது நான் சொன்ன பொய் என் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அடுத்த தடவை அழைத்தால் நான் என்ன செய்வது?" என்று அவர் கேட்டிருந்தார்.

நேயர்களே! இது ஒருவரின் கேள்வி மட்டுமன்று. முஸ்லிம் அல்லாதவர்களோடு பணி புரியும் ஒவ்வொரு முஸ்லிமின் கேள்வி. இதற்கு விடை காண்பதாயின், முதலில் அந்தக் கடையையும் அந்த மேசையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்றை அறியாமல் அதனைப் பற்றிச் சட்டம் கூறுவது முறையன்று.

கொரிய மக்களிடையே கோழி உண்ணும் வழக்கம் பழையது. எனினும், எண்ணெயில் பொரித்த கோழி அங்கு அண்மைக் காலத்தில்தான் பரவியது. 1970களில் சமையல் எண்ணெய் அங்கு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர், 1977இல் சியோல் நகரின் ஒரு பெரிய வணிக நிலையத்தில் பொரித்த கோழிக் கடையொன்று திறக்கப்பட்டது. 1980களின் ஆரம்பத்தில் தேகு நகரில், மிளகாய்க் களியும் பூண்டும் இனிப்பும் சேர்ந்த செந்நிறக் குழம்பில் கோழித் துண்டுகளைப் புரட்டி விற்கும் முறை தோன்றியது. அதனை 'யங்நியோம்' கோழி என்பர். துண்டுகளை மாவில் தோய்த்து இரண்டு முறை பொரித்தெடுப்பது அவர்களது கைப்பக்குவம். 1997இல் ஏற்பட்ட ஆசியப் பொருளாதார நெருக்கடியில் தொழிலை இழந்த பலர், கையில் இருந்த சிறு தொகையைக் கொண்டு கோழிக் கடை வைத்தனர். இன்று அங்கு ஒவ்வொரு தெருவிலும் அத்தகைய கடைகளைக் காணலாம். ஆக, அக்கடைகளில் பல, தொழில் இழந்த குடும்பத் தலைவர்கள் தமது பிள்ளைகளுக்காக எழுப்பிய கடைகள். அவர்களின் உழைப்பை நாம் இழிவாக எண்ணலாகாது.

எனினும், அம்மேசையில் கோழி தனியாக வருவதில்லை. கோழிக்கு அவர்கள் 'சிக்கின்' என்பர். பியருக்கு 'மெக்ஜு' என்பர். இரண்டையும் சேர்த்து 'சிமெக்' என்று ஒரு சொல்லையே ஆக்கிவிட்டார்கள். 2002ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி அங்கு நடைபெற்ற காலத்தில் இப்பழக்கம் மேலும் பெருகியது. 2013 முதல் தேகு நகரில் இதற்கென ஒரு விழாவும் எடுத்து வருகின்றனர். எனவே, கொரியக் கோழிக் கடை என்பது பெரும்பாலும் மதுவும் பரிமாறப்படும் இடம் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இப்பொழுது அம்மேசையின் முன் ஒரு முஸ்லிம் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகளைப் பார்ப்போம்.

முதலாவது கேள்வி, இறைச்சியைப் பற்றியது. கோழி ஹலாலான பிராணிதானே, பன்றி இல்லையே என்று சிலர் எண்ணுகின்றனர். இது பெரும் தவறு. பிராணி ஹலாலாக இருப்பது ஒன்று. அது ஹலாலான முறையில் அறுக்கப்பட்டிருப்பது வேறொன்று. தானாகச் செத்ததும், கழுத்து நெரிபட்டும் அடிபட்டும் செத்ததும், அல்லாஹ் அல்லாதவற்றின் பெயர் கூறப்பட்டதும் எமக்கு விலக்கப்பட்டவை என்பதை ஸூரத்துல் மாஇதாவின் 3ஆவது வசனம் விளக்குகின்றது. அதே ஸூராவின் 5ஆவது வசனம் வேதம் கொடுக்கப்பட்டோரின் உணவை எமக்கு ஆகுமாக்குகின்றது. இதனைப் பிடித்துக்கொண்டு, கொரியாவில் கிறிஸ்தவர்கள் இருக்கின்றார்களே என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால், அந்நாட்டின் 2015ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மக்களில் சுமார் 56 சதவீதத்தினர் தமக்கு எந்த மதமும் இல்லை என்றே கூறியுள்ளனர். எஞ்சியோரில் பௌத்தர்களும் கணிசமாக உள்ளனர். அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்பது அறியப்படாத நிலையில், அதனை வேதக்காரர் அறுத்தது என்று கொள்வதற்கு இடமில்லை. ஏனைய உணவுகளில் அடிப்படை ஆகுமானது என்பதாகும். இறைச்சியிலோ, முறையாக அறுக்கப்பட்டது உறுதியாகும் வரை தவிர்ந்துகொள்வதே அடிப்படை என்பது மார்க்கச் சட்ட அறிஞர்கள் வகுத்துத் தந்த விதி.

இங்கு ஒரு ஹதீஸையும் சிலர் தவறாகப் பயன்படுத்துகின்றனர். அல்லாஹ்வின் பெயர் கூறி அறுக்கப்பட்டதா இல்லையா என்று தெரியாத இறைச்சியைச் சிலர் எங்களிடம் கொண்டு வருகின்றனரே என்று நபி (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் கூறி உண்ணுங்கள் என்ற கருத்தில் அன்னார் பதிலளித்ததாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இது ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. ஆனால், அந்த இறைச்சியைக் கொண்டு வந்தவர்கள் யார்? அண்மையில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். முஸ்லிமின் மீது நல்லெண்ணம் வைத்து, துருவித் துருவி ஆராயாமல் உண்ணுங்கள் என்பதே அதன் பாடம். முஸ்லிம்களோ வேதக்காரரோ அறுத்தது என்று அறியப்படாத இறைச்சியின் மீது பிஸ்மி கூறிவிட்டால் அது ஹலாலாகிவிடும் என்பது அதன் பொருளன்று.

கொரிய உணவகங்களில் இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதில் பிரேசில் என்று எழுதியிருப்பதைக் கண்டு, பிரேசில் கோழி ஹலால்தானே என்று உண்போர் உள்ளனர். பிரேசிலிலிருந்து ஹலால் கோழியும் ஏற்றுமதியாகின்றது. ஹலால் அல்லாத கோழியும் ஏற்றுமதியாகின்றது. அப்பலகை நாட்டின் பெயரைச் சொல்லும். அறுத்த முறையைச் சொல்லாது.

இரண்டாவது கேள்வி, எண்ணெயையும் குழம்பையும் பற்றியது. கோழியை உண்ணாமல் உருளைக்கிழங்குப் பொரியலை மட்டும் உண்டால் போதாதா என்று எண்ணலாம். அக்கடைகளில் கோழி பொரித்த அதே எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும், பாற்கட்டி உருண்டைகளும், இறாலும் பொரிக்கப்படுவது சாதாரணம். முறைப்படி அறுக்கப்படாத இறைச்சி மார்க்கத்தின் பார்வையில் நஜிஸாகும். அது கிடந்து கொதித்த எண்ணெயில் பொரித்த கிழங்கும் அவ்வாறே. அடுத்து, கோழியின் வாடையைப் போக்குவதற்காகச் சமையலுக்கென விற்கப்படும் ஒரு வகை மதுவில் அதனை ஊற வைப்போரும் அங்கு உண்டு. மிளகாய்க் களியாகிய 'கொச்சுஜங்'கிலும், சோயாக் குழம்பிலும், கெடாமல் இருப்பதற்காக மதுசாரம் சேர்க்கப்படுவதும் உண்டு. அதனைப் பொதியின் மீது 'ஜுஜொங்' என்று குறிப்பிடுவர். சமையலில் மதுவை ஊற்றுவதன் சட்டம் தெளிவானது. தொழிற்சாலையில் சிறிதளவாகச் சேர்க்கப்படும் மதுசாரத்தைப் பற்றி இக்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், சந்தேகத்துக்குரியவற்றைத் தவிர்ந்துகொள்பவர் தனது மார்க்கத்தையும் மானத்தையும் பாதுகாத்துக்கொண்டார் என்ற கருத்தில் நுஃமான் பின் பஷீர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி எமக்கு வழிகாட்டப் போதுமானது.

மூன்றாவது கேள்வி, மேசையைப் பற்றியது. மது பரிமாறப்படும் விரிப்பில், அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர் அமர வேண்டாம் என்ற கருத்துள்ள ஹதீஸை இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். அத்தோடு, மதுவின் விடயத்தில் சபிக்கப்பட்ட பத்துப் பேருள் குடிப்பவர் மட்டுமன்றி, ஊற்றிக் கொடுப்பவரும் இடம்பெறுவதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இதனை ஏன் விசேடமாகக் குறிப்பிடுகின்றேன்? கொரிய வழக்கில், இளையவர் மூத்தவரின் கிண்ணத்தில் இரு கைகளாலும் மதுவை ஊற்றிக் கொடுப்பதே மரியாதை. நான் குடிக்கவில்லையே, ஊற்றித்தானே கொடுத்தேன் என்று எமது பிள்ளை தன்னைத் தானே ஆறுதல்படுத்திக்கொள்ளக் கூடும். அந்த ஆறுதலுக்கு மார்க்கத்தில் இடமில்லை. மேற்பார்வையாளரின் முகம் வாடிவிடுமே என்ற அச்சம் நிர்ப்பந்தமாகவும் மாட்டாது. ஹராத்தை ஆகுமாக்கும் நிர்ப்பந்தம் என்பது உயிருக்கு ஆபத்து வரும் நிலை.

நேயர்களே! இவ்வளவையும் கேட்ட பின்னர், அப்படியானால் எமது இளைஞர் பொய் சொல்லி விடுதியில் தங்கியது சரிதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். இல்லை. இங்குதான் அல்குர்ஆன் எமக்கு ஓர் அழகிய வழியைக் காட்டுகின்றது.

ஸூரத்துல் கஹ்ஃபை ஜும்ஆ நாளில் ஓதுகின்றோம். அதில் வரும் குகைவாசிகள் யார்? தமது ஈமானைக் காப்பாற்றிக்கொள்ள ஊரைத் துறந்த வாலிபர்கள். நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்ததும் அவர்களுக்குப் பசித்தது. தம்மில் ஒருவரை வெள்ளிக் காசோடு நகரத்துக்கு அனுப்பினார்கள். அந்த 19ஆவது வசனத்தை நிதானமாகச் சிந்தியுங்கள். காசைக் கொடுத்தவர்கள் இரண்டு விடயங்களைச் சொல்லி அனுப்பினார்கள். ஒன்று, எந்த உணவு மிகத் தூய்மையானது என்று பார்த்து வாங்க வேண்டும். மற்றது, நயமாக நடந்துகொள்ள வேண்டும். அவ்வூரார் சிலைகளுக்காக அறுத்து வந்ததனால், மிகத் தூய்மையானது என்பது ஹலாலாக அறுக்கப்பட்டதைக் குறிக்கும் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களைத் தொட்டும் தப்ஸீர் நூல்களில் கூறப்பட்டுள்ளது. நயமாக நடந்துகொள்வது என்பதற்கு, வாங்கும்போதும் பேசும்போதும் பிரச்சினை எழாத வண்ணம் மென்மையோடும் எச்சரிக்கையோடும் இருப்பது என்று அவர்கள் விளக்கமளித்துள்ளார்கள்.

பசியோடிருக்கும் வாலிபர்கள், நம்பிக்கையில் வேறுபட்ட ஒரு நகரம், கையில் கொஞ்சம் காசு. எமது பிள்ளைகளின் நிலையும் இதுவல்லவா? உணவைத் தேடுவதில் கண்டிப்பு. மனிதரோடு பழகுவதில் மென்மை. இவ்விரண்டில் ஒன்றை விட்டால் மற்றது முழுமை பெறாது. கண்டிப்பு இருந்து மென்மை இல்லாதவர், உங்கள் உணவு அசுத்தம் என்று பிறர் முகத்தில் அறைந்தாற்போல் பேசி, இஸ்லாத்தின் மீதே வெறுப்பை ஏற்படுத்திவிடுகின்றார். மென்மை இருந்து கண்டிப்பு இல்லாதவர், எல்லோரையும் மகிழ்விக்கப்போய் தனது ரப்பை மறந்துவிடுகின்றார். இவ்விரண்டுமின்றிப் பொய்யின் பின்னால் ஒளிந்துகொள்பவரும் உண்டு. அவர் வயிற்றைக் காத்துக்கொண்டு நாவைக் கெடுத்துக்கொள்கின்றார். உண்மை நன்மையின் பக்கம் வழிகாட்டும், பொய் தீமையின் பக்கம் இட்டுச்செல்லும் என்ற நபிமொழியை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகின்றோம். அது சாப்பாட்டு மேசைக்கும் உரியது.

விருந்தில் ஓர் உணவை எப்படி மறுப்பது? அதற்கும் நபி (ஸல்) அவர்களிடம் முன்மாதிரி உண்டு. அன்னை மைமூனா (ரழி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு பரிமாறப்பட்டது. அது என்னவென்று அறிவிக்கப்பட்டதும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரழி) அவர்கள், இது ஹராமா என்று கேட்டார்கள். ஹராமில்லை, எனது சமூகத்தார் வாழும் பூமியில் இது இருக்கவில்லை, ஆகவே மனம் விரும்பவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். காலித் (ரழி) அவர்கள் அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நபியவர்கள் உண்ணவில்லை, உண்மையான காரணத்தைச் சொன்னார்கள், உணவைப் பழிக்கவில்லை, உண்டவரைத் தடுக்கவுமில்லை. அன்னார் ஒருபோதும் எந்த உணவையும் குறை கூறியதில்லை என்று அபூஹுரைரா (ரழி) அவர்களும் அறிவிக்கின்றார்கள். உடும்பு ஹலாலான உணவு. எமது விடயமோ ஹராம் சம்பந்தப்பட்டது. எனவே எமது மறுப்பு உறுதியானதாக இருக்க வேண்டும். எனினும், மறுக்கும் முறை அதே முறைதான்.

ஆகவே, கடிதம் எழுதிய அச்சகோதரருக்கும், அவரைப் போன்ற அனைவருக்கும் கூறுவது இதுதான்.

முதலில், அந்த மேற்பார்வையாளரிடம் சென்று உண்மையைச் சொல்லுங்கள். அன்று எனக்கு வயிற்று வலி இல்லை. எனது மார்க்கத்தில் குறிப்பிட்ட முறையில் அறுக்கப்பட்ட இறைச்சியையே உண்ண முடியும். மது அருந்தவும் ஊற்றவும் முடியாது. இதனைச் சொன்னால் நீங்கள் வருந்துவீர்களோ என்று அஞ்சிவிட்டேன். கஞ்சிக்கு நன்றி என்று கூறுங்கள். நீங்கள் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தே அங்கு சென்றிருக்கின்றீர்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்க வாய் திறக்கும் எமக்கு, ஹலாலைப் பற்றிச் சொல்ல மட்டும் மொழி வராமல் போகலாமா? மதுவுக்கு 'சுல்' என்பதும், பன்றி இறைச்சிக்கு 'துவெஜிகோகி' என்பதும் உங்களுக்குத் தெரியும். கேட்பதற்கு அவ்வளவு மொழி போதும்.

இரண்டாவதாக, இதனை மேசையில் அமர்ந்த பின்னர் சொல்லாதீர்கள்; முன்கூட்டியே சொல்லுங்கள். உணவு வந்த பின்னர் மறுப்பது அழைத்தவரைச் சங்கடப்படுத்தும். முதல் நாளே சொன்னால், மீனோ முட்டையோ கிடைக்கும் வேறோர் இடத்தைத் தெரிவு செய்ய அவருக்கு அவகாசம் இருக்கும். மது வரும் மேசையாயின், அதற்கு முன்னரே விடைபெற்றுக்கொள்வேன் என்று அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரியாதை செய்ய வேண்டுமா? தண்ணீரை இரு கைகளாலும் ஊற்றிக் கொடுங்கள். மரியாதை இருப்பது அந்த இரு கைகளில்தான். கிண்ணத்தில் ஊற்றப்படும் மதுவில் அல்ல.

மூன்றாவதாக, நீங்களே அழையுங்கள். எப்பொழுதும் பிறர் அழைப்பை மறுப்பவராக மட்டும் முஸ்லிம் இருக்கலாகாது. சியோல் நகரின் இதெவொன் பகுதியில், கொரிய அரசு வழங்கிய காணியில், முஸ்லிம் நாடுகளின் உதவியோடு எழுப்பப்பட்ட மத்திய பள்ளிவாசல் 1976ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. அதனைச் சூழ ஹலால் உணவகங்களும் இறைச்சிக் கடைகளும் உள்ளன. வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைந்த அன்சான் நகரிலும் பள்ளிவாசல் உண்டு. அங்கு கிடைக்கும் ஹலால் கோழியை வாங்கி, விடுதியில் எமது முறைப்படி மிளகாய்த் தூளும் மஞ்சளும் இட்டுப் பொரித்து, அந்த மேற்பார்வையாளரின் முன் வையுங்கள். கஞ்சி கொண்டு வந்தவருக்குக் கோழி கொடுப்பது அழகிய கைம்மாறல்லவா? எம்மோடு பகைமை பாராட்டாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை ஸூரத்துல் மும்தஹினாவின் 8ஆவது வசனம் எமக்கு உணர்த்துகின்றது.

வெளியே உண்ணும்போது கடைகளில் எழுதப்பட்டிருக்கும் சொற்களையும் கவனமாக வாசியுங்கள். கொரியச் சுற்றுலாத் துறையினர் முஸ்லிம் பிரயாணிகளுக்காக உணவகங்களை வகைப்படுத்தியுள்ளனர். ஹலால் சான்றிதழ் பெற்றவை ஒரு வகை. உரிமையாளரே தமது உணவு ஹலால் என்று அறிவிப்பவை இன்னொரு வகை. முஸ்லிம்களுக்கு நட்பானவை என்பது வேறொரு வகை. அங்கு சில உணவுகள் ஹலாலாக இருக்கலாம், மதுவும் விற்கப்படலாம். பன்றி இல்லாதவை என்பது மற்றொரு வகை. அங்கு பன்றி இல்லை என்பதைத் தவிர வேறெந்த உத்தரவாதமும் இல்லை. இந்நான்கையும் ஒன்றெனக் கொள்வோர் ஏமாந்துபோகின்றனர்.

இதே கவனம் இலங்கையில் இருக்கும் எமக்கும் தேவை. கொரிய நாடகங்கள் சிங்களத்தில் குரல் மாற்றப்பட்டு எமது வீடுகளுக்குள் வந்தன. அரண்மனைச் சமையற்காரியாக இருந்து வைத்தியராக உயர்ந்த ஒரு பெண்ணின் கதையை எத்தனை குடும்பங்கள் பார்த்தன! இன்று எமது பிள்ளைகள் கொரியக் கோழியும் கொரிய நூடில்ஸும் கேட்கின்றனர். கேட்பதில் குற்றமில்லை; ஹலாலான உணவுக்குத் தேசமில்லை. ஆனால், ஒரு வணிகப் பெயரை நம்பி உண்ணாதீர்கள். ஒரு கம்பனிக்கு ஒரு நாட்டில் ஹலால் சான்றிதழ் இருக்கும். அதே கம்பனிக்கு வேறொரு நாட்டில் இருக்காது. சான்றிதழ் பெயர்ப் பலகைக்கு அன்று, அந்தச் சமையலறைக்கே உரியது. 2013ஆம் ஆண்டு ஹலால் இலச்சினையைப் பற்றி எமது நாட்டில் எழுந்த சர்ச்சையையும், 2014 முதல் அப்பணி அதற்கெனத் தனியாக அமைக்கப்பட்ட நிறுவனத்திடம் சென்றதையும் நீங்கள் அறிவீர்கள். சிரமப்பட்டுப் பாதுகாக்கப்பட்ட ஒன்றை, சான்றிதழ் செல்லுபடியாகும் திகதியைக்கூடப் பார்க்காமல் உண்டு நாமே அலட்சியப்படுத்தலாமா? கடைக்காரரிடம் கேளுங்கள். ஆனால், குற்றவாளியை விசாரிப்பது போல் கேட்காதீர்கள். குகைவாசிகளின் தூதரைப் போல் நயமாகக் கேளுங்கள்.

ஹலாலான கோழி மேசைக்கு வந்துவிட்டால் கடமை முடிந்துவிட்டது என்றும் எண்ணாதீர்கள். நடுவில் ஒரு தட்டை வைத்துப் பலர் சேர்ந்து உண்ணும்போது, பிஸ்மி கூறி, வலக்கையால், தனக்கு முன்னாலுள்ளதை உண்ணுமாறு சிறுவராக இருந்த உமர் பின் அபீ ஸலமா (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். கால் துண்டையும் நெஞ்சுத் துண்டையும் தேடித் தட்டைக் கிளறும் பிள்ளைகளுக்கு இந்த ஹதீஸைச் சொல்லிக் கொடுங்கள். வீண்விரயத்தையும் எண்ணிப் பாருங்கள். கொரியாவில் 2005 முதல் உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைப்பது தடை செய்யப்பட்டுள்ளது. 2013 முதல் உணவுக் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணமும் அறவிடப்படுகின்றது. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளை எமது வேதத்தில் இருக்கின்றது. எமது வலீமாக்களிலும் கந்தூரிகளிலும் சஹனில் எஞ்சும் சோறோ குப்பைக்குச் செல்கின்றது. எச்சிலையை நிறுத்துக் காசு வாங்கும் மக்களைப் பார்த்தாவது நாம் வெட்கப்பட வேண்டாமா?

இறுதியாக, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியுள்ள பெற்றோரே! உங்களோடு ஒரு வார்த்தை. தொலைபேசியில் மகன் பேசும்போது நீங்கள் முதலில் கேட்பது என்ன? காசு அனுப்பினாயா, எவ்வளவு அனுப்பினாய், வீட்டு வேலைக்கு இன்னும் இவ்வளவு வேண்டும் என்பதுதானே? இனிமேல் முதலில் இதனைக் கேளுங்கள்: மகனே, இன்று என்ன சாப்பிட்டாய்? எங்கே சாப்பிட்டாய்? யாரோடு சாப்பிட்டாய்? இக்கேள்வியில் அன்பும் இருக்கின்றது, கண்காணிப்பும் இருக்கின்றது. தனது உணவைப் பற்றிக் கேட்க ஊரில் ஒருவர் இருக்கின்றார் என்ற நினைவு, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு மேசையின் முன் தனித்து நிற்கும் அவனுக்குப் பலமாக அமையும். அவன் அனுப்பும் பணத்தில் நீங்கள் உண்கின்றீர்கள். அவன் உண்ணும் உணவு ஹலாலாக இருக்கத் துணை நிற்பது உங்கள் மீது அவனுக்குள்ள உரிமை.

யா அல்லாஹ்! தூர தேசங்களில் உழைக்கும் எமது பிள்ளைகளுக்கு ஹலாலான உணவை இலகுவாக்கித் தருவாயாக! உண்மை பேசும் துணிவையும், அதனை மென்மையாகப் பேசும் பக்குவத்தையும் அவர்களுக்கு அருள்வாயாக! அவர்களுக்கு அன்பு காட்டும் மனிதர்களுக்கு நேர்வழியையும் நலனையும் கொடுப்பாயாக! எமது வயிறுகளையும் நாவுகளையும் நீ விரும்பாதவற்றிலிருந்து பாதுகாப்பாயாக! ஆமீன்.

வ ஆஹிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.